யாவோ: படமும் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாவோ மொழி கற்பது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை பேசுவது மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க மக்களைப் பற்றி. உடன் வெளியான படமோ தென் சீனாவின் குவாங்சியில் நீள்கூந்தலுக்குப் பேர்போன வேறொரு யாவோ இனப் பெண்களுடையது. பெயர்தான் ஒன்று, ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

படம் போகட்டும். இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். யாவோ சமூகம் தாய்வழிப்பட்டது. மணமானபின் கணவன் மனைவியின் ஊருக்குக் குடிபோவதே மரபு. உடன்பிறந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த குழுவுக்கு ‘ம்பும்பா’ என்று பெயர். அதற்குப் பொறுப்பாளி மூத்த சகோதரன். தாய்மாமன் என்றதும் நமக்குச் சீர்வரிசை நினைவுக்கு வரும். அங்கே மருமக்களின் வழக்கைத் தீர்த்துவைப்பதும் அவர்தான். சிறுவர்களைப் பெரியவர்களாக்கும் ‘ஜண்டோ’ சடங்கை முடித்த சிறுவனுக்குப் புதுப்பெயர் சூட்டுவார்கள். அதன்பின் பழைய பெயரைச் சொல்லி அழைப்பது அவனை அவமதிப்பதாகும். இதையெல்லாம் எந்தச் சொற்பட்டியல் சொல்லித்தரும்?

மொசாம்பிக்கின் நியாசா காட்டில் தேனெடுக்கும் யாவோக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெருங்குறை. நாக்கை உருட்டி ‘ப்ர்ர்ர்’ என்று இழுத்து, ‘ஹ்ம்’ என்று முனகலில் முடிப்பார்கள். அதைக் கேட்டுத் தேன்காட்டிப் பறவை வரும். கீச்சிட்டபடி மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டைக் காட்டும். இவர்கள் புகையிட்டுத் தேனை எடுத்துக்கொண்டு மெழுகைப் பறவைக்கு விடுவார்கள். தகப்பனிடமிருந்து மகன் கற்கும் அழைப்பு இது. இந்த ஒலிக்கு மற்ற ஒலிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு பலன் உண்டென்று 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

அடிமை வணிகத்தோடு யாவோ வரலாற்றை முடித்துவிட்டதும் சரியல்ல. இன்றைய தான்சானியாவின் கில்வா கடற்கரைக்குத் தந்தமும் அடிமைகளும் கொண்டுபோனவர்கள் அவர்கள், மறுப்பதற்கில்லை. அதே கடற்கரைத் தொடர்பில்தான் இஸ்லாமும் வந்தது. இன்று பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1968இல் அதிபர் பண்டாவின் அரசு சிச்சேவா என்ற வேறொரு மொழியை மலாவியின் தேசிய மொழியாக்கியபின் பள்ளியிலும் வானொலியிலும் யாவோவுக்கு இடமில்லாமல் போனது. பண்டா ஆட்சி 1994இல் முடிந்த பிறகே வானொலிக் கதவு திறந்தது. பள்ளியில் தாய்மொழி வேண்டும் என்று 1996இல் உத்தரவு வந்தும் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. கற்க விரும்புவோருக்குப் பாடநூல் அரிதாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

வெள்ளைக்கார மிஷனரிகளின் இலக்கண நூல்களை மட்டும் பரிந்துரைத்திருக்கிறீர்கள். மொசாம்பிக்கின் உனாங்குவில் பாதிரியாராக இருந்த யோஹானா அப்தல்லா என்ற யாவோக்காரர் தம் மக்களின் வரலாற்றைத் தம் மொழியிலேயே எழுதினார். ஆங்கிலப் பெயர்ப்புடன் அது 1919இல் வெளிவந்தது. அடுத்த இதழில் படத்துக்கான திருத்தத்தோடு அந்நூலைப் பற்றியும் ஒரு பத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி