கோமதிக்கு, காப்பீட்டு அட்டை பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். திட்டியிருப்பாய், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். சங்கரி மதினிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு யார் சாடை என்று கேட்காதே, அதே சாடைதான். மேரி டீச்சர் வீட்டு மாடி ஒருவழியாக எழும்பிவிட்டது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். “அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்துவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு காப்பீட்டு அட்டை கொடுத்தால் போதும், அவரவர் நல்ல இடமாகப் பார்த்துப் போய்க்கொள்வார்கள்” என்று உன் மருமகன் சொன்னாராம், உனக்கும் அது நியாயமாகப் பட்டதாம். அவர் கம்பெனி காப்பீட்டில் இருப்பவர், அவருக்கு அப்படித் தோன்றலாம். உனக்கு எப்படிடி தோன்றியது? இரண்டு பிரசவமும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் பார்த்தவள் நீ. அதுதான் பேனாவை எடுத்துவிட்டேன். கடிதம் நீளும், காப்பி போட்டு வைத்துக்கொண்டு படி.

அட்டைக்கு நான் விரோதி இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்றானது. இதய அறுவையும் காது கேளாத பிள்ளைகளுக்கான காக்ளியர் கருவியும் இதனால் கிடைத்த குடும்பங்கள் ஏராளம், நகையும் நிலமும் தப்பின. மூன்று தரப்புக்கும் இதில் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அட்டை எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. தொகையை எவ்வளவு உயர்த்துவது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை. பட்டியலில் உள்ள அறுவைக்கும் சிகிச்சைக்கும் இன்ன தொகை என்று பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். ஓ.பி. சீட்டுக்கும் மாசா மாசம் வாங்கும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருத்தியை எடுத்துக்கொள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், பிரஷருக்கு அம்லோடிபின் 5 தினம் ஒன்று. மாசத்துக்கு 90 மாத்திரை, வருஷத்துக்கு 1,095. ஐந்து லட்ச ரூபாய் அட்டையை வைத்துக்கொண்டு இதில் ஒரு மாத்திரை வாங்க முடியாது. அவள் மாத்திரையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கால் மரத்துப்போகும், செருப்புக் கடித்தது தெரியாது, புண் சீழ் பிடிக்கும், முதலில் விரலை எடுப்பார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள். அப்போது அட்டை பணம் தரும். கிட்னி போய் வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் வருஷத்துக்கு 156 தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். அதற்கும் தரும். கால் போகாமல் காக்கிற பைசாக் கணக்கு மாத்திரைக்குத்தான் தராது. இந்த ஒன்றை மட்டும் உன் மருமகனிடம் கேள்.

அந்த மாத்திரையை இன்றைக்குத் தருவது ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு வீட்டு வாசலுக்கே வருகிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் பி.பி. கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபி, வலி நிவாரணச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் இதைச் செய்யக் காரணமில்லை. படுக்கை நிரம்பினால் அவர்களுக்கு வருமானம், இந்த வேலையோ படுக்கை நிரம்பாமல் பார்க்கிற வேலை.

மருந்து எங்கிருந்து வருகிறது என்று யாருமே யோசிப்பதில்லை, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது, அடுத்த வருஷம் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்னால் மருந்து வாங்குவது அங்கங்கே சிதறிக் கிடந்தது. கழகம் வந்ததும் மருந்தின் பொதுப் பெயரில் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். கம்பெனிக்காரன் இரண்டு உறை வைக்க வேண்டும். ஒன்றில் கம்பெனியின் உரிமம், உற்பத்தித் தரச் சான்று, வியாபாரக் கணக்கு. இன்னொன்றில் விலை. முதல் உறையில் தேறாதவனுடைய விலை உறையைப் பிரிப்பதே இல்லை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ‘சோதனை முடியவில்லை’ என்று தனியாக அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினது என்று முடிவு வந்த பிறகுதான் வெளியே போகும். தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொடர்ந்து தேறாவிட்டால் கறுப்புப் பட்டியல்தான். மாத்திரைப் பட்டையின் பின்பக்கம் ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருப்பதால் திருடிக் கடையில் விற்பதும் கஷ்டம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். மருந்தாளுநர் கிடங்குக்குப் போய்ச் சரக்கு எடுக்க எடுக்க அந்தத் தொகையில் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்து எவ்வளவு என்று தீர்மானிப்பது அந்த ஆஸ்பத்திரி. பாம்புக்கடி அதிகம் வருகிற ஊர் விஷமுறிவு மருந்தைக் கூட எடுக்கும், மலைக்கிராமம் வேறு எடுக்கும். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கவும் பத்தில் ஒரு பங்கு போலத் தனியாக உண்டு. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. அட்டை மட்டும் கொடுக்கிற ஊரில் இந்த ஏற்பாடு எதற்கு என்று இழுத்து மூடிவிடுவார்கள். அதன் பிறகு மருந்து விலையைக் குறைத்துக் கேட்பதற்கு நாட்டில் பெரிய கை ஒன்றும் மிஞ்சாது.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சீட்டில் எழுதி “வெளியே வாங்கிக்கொள்” என்று அனுப்புவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. அது ஏன் நடக்கிறது தெரியுமா? போன வருஷம் எவ்வளவு செலவானதோ அதை வைத்து இந்த வருஷத் தேவையைக் கணிக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் புதுச் சர்க்கரை நோயாளிகளைக் கண்டுபிடித்தால் தேவை ஏறிவிடும், கணக்குப் பழையதாகவே இருக்கும். மிகக் குறைந்த விலை சொன்னவனுக்கு ஆர்டர் போகிறது, மூலப்பொருள் விலை ஏறியதும் அவன் சப்ளையை இழுத்தடிக்கிறான். அபராதம் போடலாம், ஆனால் அபராதத்தை நோயாளி விழுங்க முடியாதே. ஒரே கம்பெனியிடம் முழு ஆர்டரையும் கொடுக்காமல் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதும், மூன்று மாதக் கையிருப்புக்குக் கீழே போனதுமே அடுத்த ஆர்டரைப் போடுவதும்தான் இதற்கு மருந்து. செய்யத் தெரியாதவர்கள் இல்லை, கழகத்துக்கு நேரத்தோடு பணம் போக வேண்டும்.

பணம் என்றதும் அட்டையிடமே திரும்ப வருகிறேன். நம்ம ஊரில் அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறது என்பது உன் மருமகனுக்குத் தெரியாது, பந்தயம் கட்டுகிறேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு மூட்டு மாற்று அறுவை நடந்தால் அந்தப் பேக்கேஜ் பணம் அந்த ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வரும். அதில் எலும்பு பிளேட்டும் ரத்தப் பரிசோதனைக்கான ரீஏஜென்ட் மருந்தும் வாங்கலாம், ஓடாத கருவியைச் சரிசெய்யலாம். ஆனால் அந்தப் பணத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரேஷன் கார்டு, ஆதார், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி வாங்க வேண்டும். அறுவை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரி, போட்டோ, உள்ளே வைத்த மூட்டின் ஸ்டிக்கர் எல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு தாள் விடுபட்டால் கேள்வி வரும், கேள்விக்குக் குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் பணம் கேட்டுப் போட்ட கிளெய்ம் தள்ளுபடி. தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பல இடங்களில் வார்டு பார்க்கிற நர்ஸ்தான் இதையும் பார்க்கிறாள். ஆள் இல்லாத ஒரே காரணத்தால் மக்கள் வரிப்பணம் அரசுக் கட்டிலை விட்டுப் போகிறது. கிளெய்ம் வேலைக்கு நிரந்தர ஆள் போடுங்கள் என்று கேட்கிற கட்சி எதுவும் என் கண்ணில் படவில்லை.

அட்டையை மட்டும் நம்பின இடங்களில் நடந்ததையும் கேள். ஆந்திராவில் 2007-ல் ஆரோக்யஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தனியாரில் பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுப்பது ஏறிக்கொண்டே போய், கடைசியில் அந்த அறுவையை அரசு ஆஸ்பத்திரியில் மட்டும் செய்யலாம் என்று கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. 2012-ல் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் அப்போதைய மத்தியக் காப்பீட்டுத் திட்டத்தில் இதே புகார்தான். தேவையே இல்லாமல் சின்ன வயசுப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், கோமதி. பேக்கேஜ் இருந்தது, கத்தி இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023-ல் வந்த தணிக்கை அறிக்கையில், 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். சரிபார்க்கிற அமைப்பு பலமாக இல்லாமல் பணத்தை மட்டும் பாய்ச்சினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் டாக்டர்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் சிசேரியன் நடக்க மகப்பேறு டாக்டர் மட்டும் போதாது, மயக்க டாக்டர் வேண்டும், ரத்தம் வேண்டும், குழந்தை டாக்டர் வேண்டும். மயக்க டாக்டர் இல்லாவிட்டால் தியேட்டர் பூட்டிக் கிடக்கும், அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். தமிழ்நாட்டில் இந்த ஆட்கள் எப்படிக் கிடைத்தார்கள்? மேற்படிப்பு இடங்களில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். கிராமத்து சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார், எம்.டி. இடம் கிடைக்கும், படித்துவிட்டு அரசுப் பணிக்கே திரும்பி வா. 2017-ல் அகில இந்திய விதியைக் காட்டி அது கைவிட்டுப் போயிற்று, 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, நம்மிடம் 54. அட்டை வந்ததால் குறைந்த எண்ணிக்கை இல்லை இது. இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையத்தாலும், திரும்பி வந்த டாக்டர்களாலும் குறைந்தது.

அந்த நர்ஸுகளை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால்தான் கோபம் வருகிறது. 2015-ல் தேர்வு எழுதிச் சேர்ந்தவர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு எத்தனை போராட்டம்! எந்த ஆட்சி வந்தாலும் திட்டத்துக்குப் பெயர் வைக்கிறார்கள், திறப்பு விழா நடத்துகிறார்கள், பணியிடம் நிரப்புவதென்றால் மட்டும் பேச்சு நீளுகிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு யோசனை வைத்தது: மாவட்ட ஆஸ்பத்திரியைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்துவிடலாம், அதில் கொஞ்சம் கட்டில் சந்தைக் கட்டணத்துக்கு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, நல்லது. ஆனால் ஸ்கேன், துப்புரவு, காவல் என்று ஒவ்வொன்றாகக் குத்தகைக்குப் போவதை யாரும் பெரிய விவாதமாக்கவில்லை. காலியிடத்தை நிரப்பாமல் போட்டு வைத்தாலே போதும், ஜனங்கள் தானாகத் தனியாருக்குப் போய்விடுவார்கள், பிறகு “யாரும் வருவதில்லை” என்று சொல்லி மூடலாம். எனக்கு பயமெல்லாம் இதுதான். உன் மருமகன் மாதிரி நல்ல மனசுக்காரர்களே அதற்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறார்களே என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் அட்டைத் தொகையைக் கேட்காதே. நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் எத்தனை பேர், நர்ஸ் பணியிடம் எத்தனை காலி, மருந்துக் கழகத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேள்.

கடைசியாக, பீடி சுற்றுகிற வேலம்மா அக்காவின் முழங்கால் விஷயம். கால்வலியோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டு அட்டைக்கு அலையக்கூடாது, முதலில் அட்டை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் என்று சான்று வாங்கச் சொல். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டிலும் ‘வேலம்மா’, ‘வேலம்மாள்’ என்று பெயர் வேறு வேறாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், முக்கால்வாசிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். பிறகு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போகட்டும். பழைய அட்டை இருந்து தொலைந்திருந்தால் ரேஷன் கார்டு எண்ணை வைத்துத் தேடிக்கொடுப்பார்கள். அறுவைக்கு முன்னால் மூன்று மாதச் சர்க்கரை பார்க்கிற ரத்தச் சோதனை அவசியம், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் மூட்டு மாற்றினால் உள்ளே சீழ் வைத்து மூட்டையே மறுபடி எடுக்க வேண்டியதாகிவிடும். எந்த ஆஸ்பத்திரியாவது உள்ளே வைக்கிற செயற்கை மூட்டைக் காட்டி “இம்ப்ளாண்ட்டுக்குத் தனியாக” என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே 1800 425 3993-க்குப் போன் போடட்டும். முதலில் பெரியாஸ்பத்திரி எலும்பு ஓ.பி.க்கு வரச் சொல், கூட நான் போகிறேன். கார்டு இரண்டின் நகலையும் உடனே அனுப்பு, பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

மருமகன் என்ன பதில் சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
பகவதி