ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பொருத்தியதில் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்
ஃபைபர் படகு உரிமையாளர்,
தூத்துக்குடி.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

பொருள்: ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் குழாயில் காற்று தங்கியிருப்பதைச் சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

90 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய எங்கள் 18 அடி படகில் பழைய கேபிள் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பொருத்திக் கொடுத்தீர்கள். திருப்பம் சரியில்லை என்று அன்று முதல் தொலைபேசியில் சொல்லி வருகிறேன். "புதியது சார், ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பழக வேண்டியவை எவை என்று எனக்குத் தெரியும். கேபிளில் புரொப்பெல்லரின் இழுவை நேரே ஸ்டீயரிங் சக்கரத்துக்கு வரும். கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் சக்கரத்தோடு இணைந்த பம்பு எண்ணெயைக் குழாய் வழியே தள்ள, எஞ்சின் பக்கமுள்ள சிலிண்டர் எஞ்சினைத் திருப்புகிறது. பம்பின் வால்வுகள் எண்ணெயைத் திரும்பவிடாமல் அடைத்துக்கொள்வதால் எஞ்சின் திருப்பிவிட்ட கோணத்திலேயே நிற்கிறது. சக்கரம் தானாக நடுவுக்கு வராது; திருப்பியதை நாமே மீட்க வேண்டும். சுற்றுகளும் கூடுதல். இவற்றையெல்லாம் நானும் தம்பியும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கச்சான் காற்றில் தோள் கடுக்காமல் கரை திரும்ப முடிகிறது. அந்த நிம்மதியை மறுக்கவில்லை.

ஆனால் சக்கரம் பஞ்சு போல் அமுங்குவது பழக்கத்தில் சேராது. படகைக் கட்டிவைத்துவிட்டு, தம்பியை எஞ்சின் அருகில் நிறுத்திச் சோதித்தேன். சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினேன். சிலிண்டரின் தண்டு கடைசிவரை போய் நின்றுவிட்டது என்று அவன் சொன்ன பிறகும் சக்கரம் கைக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனது. கையை எடுத்ததும் கால் சுற்று எகிறித் திரும்பியது. மறுபக்கமும் அப்படியே. பம்பின் மூடியைத் திறந்தால் எண்ணெய் நுரைத்துக் கிடக்கிறது. குழாய்க்குள் காற்று இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். கை கொடுக்கும் முதல் அரைச் சுற்று அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. மீன்பிடித் துறைமுக வாயிலில் எதிரே விசைப்படகு வரும்போது அணியம் (படகின் முன்பகுதி) உடனே திரும்பியாக வேண்டும். அந்த அரைச் சுற்றுக்கு அங்கே அவகாசம் கிடையாது.

ஏர் எடுப்பது, அதாவது குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது, இரண்டு பேர் வேலை. ஒருவர் பம்பில் எண்ணெய் குறையாமல் பார்த்துச் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளைத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை கவனித்து மூட வேண்டும். பிறகு மறுபக்கமும் அதேபோல். உங்கள் மெக்கானிக் தனியாக வந்தார். என்னையோ தம்பியையோ உதவிக்கு அழைக்கவில்லை. கடலில் இறக்கி ஓட்டிப் பார்க்காமலே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

இதைவிட என்னைக் கொதிக்கவைத்தது வேறொன்று. எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, "கடையில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றார் உங்கள் சேவைப் பிரிவு ஊழியர். மினரல் எண்ணெய்க்கென்று செய்த சீல்களை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்களை)ப் பிரேக் ஆயில் ஊதவைத்துக் கெடுத்துவிடும். அதைக் கேட்டு ஊற்றியிருந்தால் பம்பும் சிலிண்டரும் சேர்ந்து பழுதாகியிருக்கும். நடுக்கடலில் திருப்பமே இல்லாமல் நின்றிருப்போம். இந்த ஆலோசனையை வேறு எந்தப் படகுக்காரருக்காவது சொல்லியிருந்தால் தயவுசெய்து இன்றே அழைத்துத் தடுங்கள்.

ஆகவே, இரண்டு பேரை அனுப்பி, உரிய எண்ணெயை நிரப்பி, ஏர் முழுவதும் எடுத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு கடலில் ஓட்டிக் காட்டுங்கள். மட்டம் எதனால் இறங்கியது என்று இணைப்புகளையும் சீல்களையும் பார்க்க வேண்டும். எந்த எண்ணெய், எந்த மட்டம், எப்போது பார்ப்பது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இதற்குக் கூடுதல் கட்டணம் தர மாட்டேன்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு அளிப்பேன். ரசீதின் நகலும், சக்கரம் எகிறுவதைக் காட்டும் காணொளியும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்