மந்திர வாளை அளந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஆடக்கூடிய விளையாட்டுகள் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அதில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் இருந்ததைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த கதை விளையாட்டு அது; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரை வைத்து எங்கள் மொட்டை மாடியில் இரண்டு வருடமாக நடத்திவருகிறேன். புதிதாகக் கதை நடத்தப்போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மந்திரப் பொருட்களை வாரி வழங்கிவிடாதீர்கள்.

போர்வீரனாக ஆடும் பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. ஆசையில், இரண்டாம் லெவலிலேயே ஃபிளேம் டங் என்ற நெருப்பு வாளைக் கொடுத்துவிட்டேன். சாதாரண வாளால் அவன் வெட்டினால் எதிரிக்கு விழும் அடி எட்டுப் பக்கப் பகடை ஒன்று, அதோடு 3; சராசரியாக 7.5 புள்ளி. நெருப்பு வாளுக்கு ஆறு பக்கப் பகடை இரண்டு கூடுதல், 14.5 ஆகிவிட்டது. அதுவரை ஓங்கி அடித்தது ரோக், அதாவது மறைந்து தாக்கும் திருடியாக ஆடிய பெண்தான். மறைந்திருந்து எய்தால் அவளுக்குச் சராசரி 10. ஒரே நாளில் அவள் இரண்டாம் ஆள்.

மூன்றாவது வாரம் பார்த்தேன். பகடையைத் தொடவே இல்லை. கேரக்டர் தாளின் ஓரத்தைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். "உன் டர்ன்மா" என்றேன். "அவனே பாத்துப்பான் ஆன்ட்டி" என்றாள். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, எதிரியைப் பெரிதாக்கலாம் என்று 59 உயிர்ப்புள்ளி கொண்ட ஓகர் என்ற அரக்கனை இறக்கினேன். அது வாள்காரனை விட்டுவிட்டு, மந்திரவாதியாக ஆடிய சின்னவனை ஒரே அடியில் சாய்த்தது. வலுத்தவனுக்காக எதிரியை ஏற்றினால் அடி வாங்குவது மற்றவர்கள்தான்.

வாளைப் பிடுங்க மனம் வரவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் பிள்ளை முகம் வாடிவிடும். அதனால் அவளுக்குச் சுவரிலும் கூரையிலும் நடக்க வைக்கும் செருப்பைக் கிடைக்கச் செய்தேன். அதனால் அடியின் பலம் ஏறாது, ஆனால் வாளால் முடியாத வேலை அவள் கைக்கு வந்தது. சில மந்திரப் பொருட்கள் பாத்திரத்தோடு பிணைந்தால்தான் வேலை செய்யும்; ஒருவர் ஒரே நேரத்தில் அப்படி மூன்றோடு மட்டுமே பிணைந்துகொள்ளலாம் என்ற, விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் விதியையும் இப்போது கறாராகப் பார்க்கிறேன்.

அப்புறம், கர்ணனிடம் கற்றது ஒன்று. கவச குண்டலத்தைக் கொடுத்து அவன் வாங்கிய சக்தி ஆயுதம் ஒருமுறைதான் பாயும். அர்ச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் எறிய வேண்டி வந்தது. நான் தரும் பெரிய பரிசுகளும் இப்போது அப்படித்தான். அந்தப் பெண்ணிடம் டிராகனுக்கென்றே செய்த அம்பு ஒன்று இருக்கிறது. ஐந்து வாரமாகிறது. கதையில் ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் மற்ற மூன்று பேரும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "இப்ப வேணாம், இருக்கட்டும்" என்கிறாள்.

அன்புடன்,
வாசகி, திருச்சி