மே 1 கூட்டம்: பீடி சுற்றும் அக்காமார் கவனத்துக்கு

நம் பங்கின் அன்பியக் குழு உறவுகளே, தொழிலாளரான புனித சூசையப்பர் விழா அன்று மாலைத் திருப்பலி முடிந்ததும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். பீடிக் கூலி பற்றிப் பேசுகிறோம். மடியில் சுளகை வைத்து ஆயிரம் பீடி சுற்றி எழும்போது இடுப்பு படும் பாடு நமக்குத் தெரியும். பீடிக் கடையில் அதிலும் ஒரு கை அள்ளிக் 'கழிவு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

"கோயிலில் எதுக்குக் கூலிப் பேச்சு?" என்று போன தடவை ஒருவர் கேட்டார். திருத்தந்தை 13ஆம் லியோ 1891லேயே சுற்றுமடலில் எழுதிவிட்டார்: பேசி ஒத்துக்கொண்ட கூலியே ஆனாலும், சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குப் போதாவிட்டால் அது நியாயமில்லை. கூலியைப் பிடித்துவைப்பது பற்றி விவிலியத்தில் வரும் யாக்கோபு 5:4ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள்.

பாஸ் புத்தகம், இலை, தூள் எடை குறித்த நோட்டு, எது இருந்தாலும் எடுத்து வரவும். அப்புறம், சுக்குக்காப்பி உண்டு.