கொப்பளிப்பானும் நேர்த்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலத்தில் வீட்டில் கொப்பளிப்பான் (சின்னம்மை) கண்டால் ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்று வேப்பிலை கட்டி, கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறோம். நல்ல வழக்கம், பிள்ளைக்கு ஓய்வும் தனிமையும் கிடைக்கின்றன. ஆனால் கொப்புளம் போடுவதற்கு 1–2 நாள் முன்பே நோய் தொற்றத் தொடங்கும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை கோயிலுக்குக் கூட்டிவர வேண்டாம். கர்ப்பிணிகள் கிட்டப் போகக் கூடாது.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல், நிறைக்கேற்ற அளவில். அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்த இடம் சீழ் பிடிக்கும். மூச்சு முட்டினால், பிள்ளை மயங்கிச் சோர்ந்தால், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பா என்று அஞ்சாதீர்கள். நேர்த்தியை அடுத்த குளிர்த்தியிலும் செலுத்தலாம்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி