நூறு ரூபாய் வரம்பும் தீப்பெட்டிக்குள் அடங்கும் கண்ணாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருட்களின் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறையும் என்று 2026-27 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு என் மனைவி, "இனி உங்க தொலைநோக்கிக் கண்ணாடிக் கிறுக்குக்குப் பாதி வரிதானே?" என்றாள். அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓசூர் சிப்காட்டில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டிவிட்டு, இப்போது ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். தொலைநோக்கி செய்வது வேலையில் இருந்தபோதே பிடித்துக்கொண்ட பழக்கம். ஆறு அங்குல மெயின் கண்ணாடியைக் கார்போரண்டம் பவுடர் போட்டு நானே தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து ஏழு மாதம். லேத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் கடைந்தால் கெட்டிக்காரன் என்பார்கள். கண்ணாடிக்கு அது போல நூறு மடங்கு நுணுக்கம் வேண்டும். குழாய்க்கு பிவிசி பைப். படத்தைத் தெளிவாக்க முன்பின் நகர்த்தும் ஃபோகஸரை நண்பரின் பட்டறையில் கடைந்தேன். என்னால் செய்ய முடியாமல் போனது, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பும் சின்னத் தட்டைக் கண்ணாடி ஒன்றுதான். தீப்பெட்டிக்குள் அடங்கும்.

அதை 2019இல் வெளிநாட்டுக் கடை ஒன்றில் வாங்கினேன். விலை ரூ.1,900, தபால் கட்டணம் ரூ.1,150. வரி எதற்கு? இரண்டும் சேர்ந்த ரூ.3,050க்கு. ரூ.1,283 கட்டச் சொல்லி ரசீது வந்தது. தபால்காரர் தம்பி, "கண்ணாடிக்கா சார் இவ்வளவு?" என்று என்னையே கேட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளின் மதிப்போடு அது வந்து சேர்ந்த செலவையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குச் சுங்க வரி போட்டு, அந்த வரியையும் சேர்த்த தொகைக்கு மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, போடுவதுதான் சட்டம். வரிக்கும் வரி. சொந்த உபயோகம் என்ற தலைப்பில் வந்துவிட்டால் பொம்மையானாலும் கண்ணாடியானாலும் ஒரே விகிதம்தான்.

இப்போது என் மனைவியின் கணக்குக்கு வருகிறேன். பாதியாவது சுங்க வரி மட்டும்தான், ஐஜிஎஸ்டி இல்லை. கட்டவேண்டிய வரி நூறு ரூபாய்க்குள் இருந்தால் வசூலிக்கக் கூடாது என்று சுங்கச் சட்டம் 25ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. சுங்க வரி 10, ஐஜிஎஸ்டி 18 என்று வைத்துக்கொண்டாலும், பொருளும் தபாலும் சேர்ந்து சுமார் ரூ.335ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போச்சு. எந்த நாட்டிலிருந்து, எந்த விமானத்தில், எந்தப் பொட்டலம் 335 ரூபாய்க்கு வருகிறது? தபால் கட்டணத்துக்கே காணாது. விகிதத்தைக் குறைத்தவர்கள் இந்த நூறு ரூபாயை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்பளிப்பாக அனுப்பச் சொல்லலாமே என்பீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் அப்படித்தான் கேட்டான். தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் பொருள் எடுப்பதை 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்குக் கூடக் கிடையாது. அன்பளிப்புச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தி வியாபாரம் செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கண்ணாடி வாங்குகிறவன் என்ன வியாபாரம் செய்துவிடப் போகிறான்?

எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. அதற்குப் பயன்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் செய்து 1972இல் இங்கே நிறுவியது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்தது அதற்குப் பிறகு, 1980களில். முதலில் வாங்கிப் பார்த்துத்தான் பிறகு செய்யக் கற்றோம். நான் செய்வதும் அதைத்தான், மொட்டை மாடியில்.

2026 தொடக்கத்தில் முன்னிரவில் வியாழன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நின்றது. தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதன் நான்கு பெரிய நிலாக்களை எண்ணினார்கள். சனியைக் காட்டச் சொல்லி நச்சரிப்பவர்களுக்கு, 2025இல் அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி ஊசிக்கோடாகிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ், இன்னும் உயர்ந்ததாக ஒன்று வாங்க ஆசை. இணையக் கடையின் கூடையில் போட்டு வைத்து மூன்று மாதம் ஆகிறது.

வரியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்த நூறு ரூபாய் வரம்பை ஐந்நூறாகவாவது உயர்த்துங்கள். தனி ஆள் வாங்கும் சின்னப் பொட்டலத்தில் தபால் செலவை மதிப்பில் கூட்டாதீர்கள். நிதி அமைச்சகத்தில் இருப்பவர்கள் கண்ணில் இது பட்டால், 2019 ரசீது என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் நகல் அனுப்புகிறேன், உள்நாட்டுத் தபாலில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.