நறுக்கின் பின்பக்கமும் பதிவாகட்டும்

ஆசிரியருக்கு,

பழைய நாளிதழ் நறுக்குகளை மின்னுருவாக்குவது பற்றிய தங்கள் செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. நாளும் பக்கமும் தெரியாத நறுக்கை எந்த ஆய்வாளர் சான்றாகக் காட்டுவார்? 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் பல பத்தாண்டுகள் வெளிவந்தது. இதழின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே தேடுவது?

என் தாத்தா ஒட்டிவைத்த நோட்டில் தேதியற்ற தலையங்கம் ஒன்று இருந்தது. பசை விட்டிருந்த மூலையைத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கத்துத் திரைப்பட விளம்பரத்தில் ‘பொங்கல் முதல்’ என்றிருந்தது. படத்தின் பெயரைக் கொண்டு ஆண்டு பிடிபட்டது. எனவே, நறுக்கின் இரு பக்கங்களையும் படமெடுக்க வேண்டும். கணித்த தேதியை ‘உத்தேசம்’ என்றே பட்டியலில் குறிக்க வேண்டும்.

– வாசகர், காரைக்குடி